நீர் தேங்கும் நிலத்தில் மேட்டுப்பாத்தி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழை பெய்தால் எங்கள் தோட்டத்தில் 2 நாள் தண்ணீர் நிற்கிறது. மேட்டுப்பாத்தி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

என்ன பயிர் வைக்கப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. மண் எப்படிப்பட்டது என்றும் எழுதவில்லை. ஆளைப் பார்க்காமல் சட்டைக்கு அளவு சொல்ல முடியுமா? 1 அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, குச்சி நட்டு அளந்து பாருங்கள். மணிக்கு 1 அங்குலமாவது இறங்கினால் 1 அடிப் பாத்தி போதும். அதற்குக் குறைந்தால் ஒன்றரை அடி வேண்டும். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றாலோ, வெட்டிய மண் சாம்பல் பூத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினாலோ, பாத்தியை மறந்துவிட்டு வடிகாலைப் பாருங்கள். பாத்தி வேரைத்தான் உயர்த்தும். நிலத்தில் நிற்கும் நீரை அகற்றாது. நீர் எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள்.

வடிகாலுக்காகப் பாத்தியின் அடியில் அரை அடிக்குச் சரளைக்கல் கொட்டலாமா?

கூடாது. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நானே பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரைச் சரளை போடச் சொன்னவன் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண்ணின் நுண்துளைகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த நீர், பெரிய இடைவெளிகள் கொண்ட சரளையைத் தொட்டவுடன் கீழே விழுந்துவிடுவதில்லை. மேலே உள்ள மண் முழுக்க நிறைந்து, இனித் தாங்காது என்றான பிறகுதான் சொட்டத் தொடங்கும். மழை விட்ட பிறகும் சரளைக்கு மேலே சொதசொதவென்று ஓர் ஈரப்பட்டை தங்கிவிடும். சரளைக்குப் பதிலாக அங்கேயும் மண்ணையே நிரப்பியிருந்தால் அந்தப் பட்டை அரை அடி கீழே இருந்திருக்கும். காசு கொடுத்துக் கல் வாங்கி, சேற்றை வேருக்குப் பக்கத்தில் தூக்கி வைக்கிறீர்கள்.

நம்பாதவர்கள் பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றை நீரில் முக்கிப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதே பஞ்சை நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் ஒழுகும். உயரம் கூடினால் வடிதல் கூடும். சரளை அந்த உயரத்தைத்தான் தின்றுவிடுகிறது.

நண்பரின் பாத்தியில் செடிகள் வாடியபோது இருவருமாகப் பிரித்துப் பார்த்தோம். மேலே 4 விரற்கடை ஆழம்வரை மண் பொலபொலவென உதிர்ந்தது. சரளையை ஒட்டிய மண்ணைப் பிழிந்தபோது விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. ஒரு வேரை உருவினேன். பழுப்பேறிய தோல் கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் நின்றது. வேர் அழுகல். செடி வாடுகிறதே என்று அவர் தினமும் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறார்.

சரளைக்கு உரிய இடம் ஒன்று உண்டு. துளையிட்ட குழாயைச் சுற்றிச் சரளை போட்டு, 100 அடிக்கு 1 அடி சரிவில் அந்தக் குழாயைத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோனால் அது வடிகால். வெளியேற வழியில்லாத சரளை, கல் நிரப்பிய தொட்டி. இங்கேயும் அதே கேள்விதான்: நீர் எங்கே போகும்?

களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகுமா?

இளகாது. கொஞ்சம் மணல் கலந்த களிமண் காய்ந்ததும் செங்கல்லாக இறுகும். நன்றாக மட்கிய உரத்தைப் போடுங்கள், ஆண்டுதோறும்.

களை வராமலிருக்கப் பாத்தியின் அடியில் பாலித்தீன் தாள் விரிக்கலாமா?

வேண்டாம். நீர் எங்கே போகும்? பழுப்பு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒட்டுத்தாளை உரித்துவிட்டு, நன்றாக நனைத்துப் பரப்புங்கள். களையை அடக்கிவிட்டு அதுவே மட்கிவிடும்.

செங்கல் சுவர் எழுப்பி உள்ளும் புறமும் சிமெண்டு பூசிவிட்டோம். இப்போது உள்ளே சேறாகக் கிடக்கிறது.

கட்டும்போதே துளை விட்டிருக்க வேண்டும். இனி, சுவரின் அடிமட்டத்தில் 2 அடிக்கு ஒன்றாக விரல் நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். அடியில் தளமும் போட்டிருந்தால், அதையும் பல இடங்களில் உடைத்தாக வேண்டும்.

8 அடிக்கு 4 அடிப் பாத்திக்கு எவ்வளவு மண் வேண்டும்?

உயரத்தைச் சொல்லாமல் கொள்ளளவு கேட்கிறீர்கள். ஒன்றரை அடி என்று வைத்துக்கொண்டால் 48 கன அடி. மண் அமுங்கும், 55 கன அடியாக வாங்குங்கள். பாதிக்கு மேல் மண்ணாக இருக்கட்டும். உரத்தை மட்டும் கொட்டி நிரப்பினால் அது மட்க மட்கப் பாத்தி பள்ளமாகும்.

மழை விட்ட மறுநாளே அடிமண்ணைக் கொத்தி இளக்கலாமா?

ஈரக் களிமண்ணில் மண்வெட்டியும் படக்கூடாது, காலும் படக்கூடாது. ஒரு முறை மிதித்தாலே துளைகள் நசுங்கிவிடும்; அவை மீண்டும் திறக்க மாதக்கணக்காகும். ஒரு பிடி மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். பளபளவென்று விரல் பதிந்து நின்றால் இன்னும் சில நாள் பொறுங்கள். உதிரும் பதம் வந்ததும் அடிமண்ணை 1 அடிக்குக் கடப்பாரையால் நெம்பிவிடுங்கள், புரட்ட வேண்டாம். அதன் மேல் பாத்தி மண்ணைப் போட்டால், இரண்டும் ஒட்டி வேர் தடையின்றிக் கீழே இறங்கும்.

பழைய ரயில் கட்டைகளை விளிம்புக்கு வைக்கலாமா?

அவற்றில் தார் எண்ணெய் ஊறியிருக்கும். உண்ணும் பயிருக்கு அருகே வைக்காதீர்கள்.