கனடாவும் கரும்புத் தீவும் – கடிதம்

வணக்கம் சார்,

கரீபியன் தீவுகளைப் பிரிட்டன் பிடித்ததற்குச் சர்க்கரைதான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் ஏழாண்டுப் போரை முடித்த 1763 பாரிஸ் உடன்படிக்கையில் குவாதலூப், மார்ட்டினிக் என்ற கரும்புத் தீவுகள் இரண்டையும் பிரான்சுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கனடாவைத்தானே வைத்துக்கொண்டார்கள்? சர்க்கரை அவ்வளவு முக்கியமென்றால் ஏன் விட்டார்கள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நல்ல கேள்வி. கனடாவை வைத்துக்கொண்டதில் வட அமெரிக்கக் குடியேற்றங்களின் பாதுகாப்பு ஒரு பெரிய காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் குவாதலூப்பை விட்டதிலும் சர்க்கரைக்குப் பங்கு உண்டு. வெளிநாட்டுச் சர்க்கரைக்குக் கடும் தீர்வை இருந்ததால் பிரிட்டிஷ் சந்தை முழுக்க ஜமைக்கா, பார்படாஸ் கரும்புத் தோட்ட முதலாளிகள் கையில் இருந்தது; குவாதலூப்பும் பிரிட்டிஷ் தீவாகிவிட்டால் அதன் சர்க்கரையும் உள்ளே வந்து விலை சரியும். அவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை, நாடாளுமன்றத்தில் அவர்கள் பேச்சு எடுபடவும் செய்தது.

அப்புறம், அதே உடன்படிக்கையில் கிரெனடா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், டொபேகோ நான்கும் பிரிட்டனுக்கு வந்ததை விட்டுவிட்டீர்களே. அங்கே நிலத்தை அளந்து தோட்டக்காரர்களுக்கு விற்பதற்கென்றே லண்டனிலிருந்து ஆட்கள் போனார்கள்.

தோட்டம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் பிழியாவிட்டால் சாறு புளித்துவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும், பக்கத்திலேயே வரிசையாகக் கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் தூக்கம் இல்லாமல் உருளைகளுக்குள் கரும்பைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கண் சொக்கி விரல் மாட்டினால் கை முழுவதும் உள்ளே போய்விடும். கையை வெட்டி ஆளைக் காப்பாற்ற ஆலைக்குள் ஒரு கோடரி வைத்திருந்தார்கள். எத்தனை தடவை படித்தாலும் அந்தக் கோடரியைத் தாண்டிப் போக முடிவதில்லை எனக்கு.

செயின்ட் வின்சென்டில் நல்ல நிலம் காற்று வீசும் கிழக்குப் பக்கம் இருந்தது. அங்கே இருந்தவர்கள் கரிஃபுனா மக்கள், கரீபியப் பழங்குடிகளும் ஆப்பிரிக்கர்களும் கலந்து உருவானவர்கள். நிலத்தைத் தர மறுத்து 1772-ல் போரிட்டார்கள், 1795-ல் சாட்டோயர் தலைமையில் மறுபடி எழுந்தார்கள், அவர் அந்த ஆண்டே கொல்லப்பட்டார். தோற்றவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிரிட்டிஷார் குழந்தை குட்டிகளோடு பலிசோ என்ற தண்ணீரில்லாத சின்னத் தீவில் அடைத்தார்கள். சில மாதங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் நோயில் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களை 1797-ல் கப்பலேற்றி, ஹோண்டுராஸ் கரைக்கு எதிரே ரோவாத்தான் தீவில் இறக்கிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்தில் கரும்பு நட்டார்கள்.

கனடாவையும் குவாதலூப்பையும் மட்டும் தராசில் வைத்துப் பார்த்தால் இந்த மனிதர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களுடைய வாரிசுகள் இன்றும் ஹோண்டுராஸிலும் பெலிஸிலும் தங்கள் மொழியைப் பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். நேரம் கிடைத்தால் அவர்களைப் பற்றித் தேடிப் படியுங்கள்.