கடலாமை முதுகில் டிரான்ஸ்மிட்டர்: சேலத்துக் கேள்விகள்

கடலாமையின் முதுகில் கருவி ஒட்டிச் செயற்கைக்கோள் வழியாக அதன் தடத்தைப் பார்ப்பது பற்றி சேலம் மாவட்டத்தினர் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

ஏற்காடு: மலையில பாதி வளைவுல செல்போன் சிக்னலே கிடைக்கல. நடுக்கடல்ல ஆமை எப்படி மேடம் தகவல் அனுப்பும்?

டவர் வேண்டாம். துருவங்களைச் சுற்றிவரும் ஆர்கோஸ் செயற்கைக்கோள்கள் 401.65 மெகாஹெர்ட்ஸில் கேட்டுக்கொள்கின்றன. கடல்நீருக்குள்ளிருந்து ரேடியோ அலை வெளியேறாது. அதனால் கருவியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். மூச்சுவிட ஆமை மேலே வந்து முனைகள் நீரைவிட்டு விலகியதும் கருவி அனுப்பத் தொடங்கும்.

அஸ்தம்பட்டி: எப்படி ஒட்டுவாங்க?

முட்டையிட்டுத் திரும்பும் ஆமையை நிறுத்தி, ஓட்டின் மேட்டை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் எபாக்ஸி பசை. ஈரம் இருந்தால் பிடிக்காது. தடிமனாக அப்பினால் இறுகும்போது சூடேறும், மெல்லிய அடுக்குகளாகப் போடணும். பாசியும் கொட்டலசும் (ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிரி) ஏறாமலிருக்க மேலே பெயின்ட்; உலோக முனைகளில் மட்டும் படக்கூடாது. தோல் ஓடுள்ள ஏழுவரி ஆமைக்கு இந்த முறை ஒத்துவராது.

ஓமலூர், கல்லூரி மாணவி: மேப்ல புள்ளி தரையில விழுது. அழிச்சிடலாமா?

முதலில் அந்தப் புள்ளிக்கு ஆர்கோஸ் தரும் தரக்குறியைப் பாரும்மா. 3 என்றால் பிழை 250 மீட்டருக்குள், 2 என்றால் 500 வரை, 1 என்றால் 1500 வரை, 0 அதற்கும் மேல். ஏ, பி என்றால் அந்தக் குறி பிழை எவ்வளவு என்று சொல்லாது. ஆமைக்கு வருவதில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். தனியாகத் தரையில் விழுந்த பி புள்ளியைத் தள்ளிவிடலாம். 3, 2 தரப் புள்ளிகள் இடைவிடாமல் தரையில் வந்தால் அழிக்காதே: ஆமை செத்து ஒதுங்கியிருக்கும், இல்லை கருவி யார் வீட்டுத் திண்ணையிலோ கிடக்கும்.

ஆத்தூர்: சிக்னல் நின்னா செத்துப்போச்சா?

அப்படிச் சொல்ல முடியாது. பேட்டரி தீர்ந்தாலும், ஆன்டெனா முறிந்தாலும், கருவி கழன்றாலும் அதே மௌனம்தான்.

மேட்டூர்: இழுவைப்படகு வலையில ஆமை சிக்கற ஆபத்தை எப்படிக் கணக்கிடறது?

கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஆமை இருந்த நேரத்தையும் படகு ஓடிய நேரத்தையும் மாதவாரியாகப் பெருக்குங்க. கட்டம், இடப்பிழையைவிடப் பெரிதாக இருக்கணும். படகுத் தரவு ஏஐஎஸ் கருவியிலிருந்து (படகு தன் இடத்தை ரேடியோவில் அறிவிக்கும் கருவி) வருவது. பல சின்னப் படகுகளில் அது கிடையாது, எனவே காலிக் கட்டத்தைப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீங்க. ஆண்டுச் சராசரி போட்டால் விஷயமே மறைந்துவிடும். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட நம் கரைக்குப் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது. கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது தடைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. இந்தப் பெருக்கல் சந்திக்கும் வாய்ப்பைத்தான் சொல்லும், சாவை அல்ல. வலையில் ஆமை வெளியேறும் வழி வைத்திருந்தால் அதே கட்டத்திலும் தப்பிக்கும். கருவி மாட்டுவது பெரும்பாலும் கரையேறும் பெண் ஆமைக்கு என்பதால் ஆண் ஆமைகள் கணக்கில் விடுபடும்.

சேலம் டவுன்: திருமணிமுத்தாற்றுக் குப்பை ஆமை வயித்துக்குப் போகுமா?

ஆறு காவிரியில் கலக்கிறது, போக வழியுண்டு. ஆனால் தடம் பார்த்து அதைச் சொல்ல முடியாது. செத்து ஒதுங்கிய ஆமையின் குடலை அறுத்துப் பார்க்கணும்.