‘விளக்கம் எங்கே?’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். இடைநிலைப்பள்ளியில் தமிழ் எடுக்க வாய்ப்பில்லாமல் போயிற்று. என் மகள் இப்போது படிவம் நான்கில் தமிழ் இலக்கியத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். ஒரு கவிதையின் நயம் பற்றிய கேள்விக்கு அவள், “இக்கவிதையில் உவமை, உருவகம், எதுகை, மோனை ஆகியவை அமைந்துள்ளன. எனவே இக்கவிதை சிறப்பாக உள்ளது” என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் ஓரத்தில் “விளக்கம் எங்கே?” என்று சிவப்பு மையால் எழுதிவிட்டார். கட்டுரைத் தாளிலும் அதே இரண்டு சொற்கள். உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு என்ன, நாவல் பாடத்தில் வரும் கருப்பொருளும் சங்கப் பாடலில் வரும் கருப்பொருளும் ஒன்றுதானா, விளக்கம் என்று ஆசிரியர் கேட்பது எதை என்றெல்லாம் அவள் என்னிடம் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தாங்கள் எழுதினால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் மகள் எழுதியதில் பிழை என்று எதுவும் இல்லை. கவிதையில் அவை நான்கும் இருந்திருக்கும். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களை உலகத்தில் உள்ள எந்தக் கவிதைக்கும் கீழே எழுதி வைக்கலாம் என்பதுதான் அவற்றின் குறை. ஆசிரியர் கேட்பது, இந்தக் கவிதையில் இந்த உவமை என்ன வேலை செய்கிறது என்பதை.

அதைப் பார்க்கத் தொல்காப்பியர் ஒரு வழி காட்டியிருக்கிறார். உவமை என்பது வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாகத் தோன்றும் என்கிறார். செயலால் ஒப்பா, விளையும் பயனால் ஒப்பா, வடிவத்தால் ஒப்பா, நிறத்தால் ஒப்பா என்று கேட்டுப் பார்த்தாலே பாதி விளக்கம் கைக்கு வந்துவிடும். “அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை” என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒப்புமை வினையில், அதாவது தாங்குதல் என்ற செயலில் இருக்கிறது. இதோடு நின்றுவிடாமல் மண்வெட்டியோடு நிற்கும் ஒருவரை மனத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எந்த நிலத்தை வெட்டுகிறாரோ அதே நிலத்தின் மீதுதான் கால் ஊன்றி நிற்கிறார். அது அவரைத் தாங்காவிட்டால் அவரால் அதை வெட்டவும் முடியாது. திட்டுகிறவரைச் சகித்துக்கொள் என்பதோடு குறள் முடிந்துவிடவில்லை, அவர் நிற்பதற்கு இடமும் கொடு என்கிறது. மலைபோல, மரம்போல என்று சொல்லியிருந்தால் இந்தப் பொருள் கிடைத்திருக்காது. இதை மூன்று வரியில் எழுதினால் அதுதான் விளக்கம்.

உருவகத்தில் ‘போல’ மறைந்து, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முகத்தை மலரோடு ஒப்பிட்டு ‘மலர்முகம்’ என்றால் மலர் போன்ற முகம் என்று விரியும், அது உவமைத்தொகை. ‘முகமலர்’ என்று திருப்பிப் போட்டால் முகமே மலராகிவிடுகிறது, அது உருவகம். ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்று தொடங்கும் குறளில் வரும் ‘பிறவிப் பெருங்கடல்’ என்பதும் அப்படித்தான். ஆனால் அந்தக் குறளில் பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விட்டுவிட்டார். ஒரு பகுதியை மட்டும் உருவகித்து மற்றதை நம்மிடம் விடும் இந்த முறைக்கு ஏகதேச உருவகம் என்று பெயர். உருவகம் எப்போதும் புலவர்களிடம் மட்டும் பிறப்பதுமில்லை. நம் தோட்டத்து மக்கள் ரப்பர் மரத்தைப் பால்மரம் என்றும், மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் சொட்டுவதைப் பால் என்றும்தான் சொன்னார்கள். முதன்முதலில் அப்படிச் சொன்னவர் பசுவின் மடியை நினைத்திருக்கலாம். இன்று அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் பசுவை நினைப்பதில்லை. அதனால் அதை உருவகம் என்று விடைத்தாளில் எழுத வேண்டியதும் இல்லை.

எதுகை மோனை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அடிகளிலோ சீர்களிலோ முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. அந்த ஒலி எந்தச் சொல்லை அழுத்திக் காட்டுகிறது என்று சொல்ல முடிந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். மாணவர்கள் இவற்றுக்குத் தேவைக்கு மேல் இடம் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். “பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்” என்ற குறளில் வரும் அணி எது என்று படிவம் ஐந்தில் கேட்டிருந்தார்கள். நான் உவமை என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது அந்தக் குறள். அதில் மயிலிறகும் வண்டியும் அச்சும்தான் இருக்கின்றன. எளியவர்கள்தானே என்று பலரோடு பகை கொள்ளும் அரசனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சொல்ல வந்ததை மறைத்து, வேறொன்றை மட்டும் சொல்லி, மறைத்ததை உணர வைப்பது பிறிதுமொழிதல். பெயரை அன்றே மனப்பாடம் செய்துவிட்டேன். பொருள் புரிந்தது சில ஆண்டுகள் கழித்துத்தான். எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து சாய்ந்து கிடந்தது. அதற்கு முந்தைய பத்து நிமிடமும் நான் அங்கேதான் நின்றிருந்தேன். “இன்னும் நாலு குலைதானே, போடு” என்ற குரல் ஒவ்வொரு முறையும் நியாயமாகவே பட்டது. வள்ளுவர் இரும்பையோ கல்லையோ ஏற்றாமல் மயிலிறகை ஏற்றியது ஏன் என்பது அப்போது விளங்கியது. எடையே இல்லாத பொருள் என்பதால்தான் ஏற்றுகிறவனுக்கு நிறுத்தத் தோன்றுவதில்லை.

கருப்பொருள் விஷயத்தில் உங்கள் மகள் குழம்பியது நியாயமே. இரண்டும் ஒன்றல்ல. நம் நாட்டு வகுப்பறையில் ஒரு நாவல் எதைப் பற்றிப் பேசுகிறதோ அந்த மையக்கருத்தைக் கருப்பொருள் என்கிறோம். அதைச் சார்ந்து வருபவை துணைக்கருப்பொருள். சங்க அகப்பாடலிலோ ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவையே கருப்பொருள். அங்கே நிலமும் பொழுதும் முதற்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரிப்பொருள். தோட்டம் குறிஞ்சி, முல்லை முதலான ஐந்திணையில் அடங்காது என்றாலும் புரிந்துகொள்வதற்காக ஒரு தோட்டத்துக் கதையை வைத்துப் பார்க்கலாம். ரப்பர் நிரையும் விடியாத காலைப் பொழுதும் முதற்பொருள் என்றால், பால்மரமும் மங்கும் உளியும், காலையில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டு மணியும் கருப்பொருள். மகனைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டுத் தனியே மரம் சீவிப் பால் எடுக்கும் தாயின் பிரிவு உரிப்பொருள். ஆக, நாவல் பாடத்தின் கருப்பொருள் சங்கப் பாடலின் உரிப்பொருளுக்குத்தான் நெருக்கமானது. நாவலுக்கு மையக்கருத்து என்ற பெயரையே வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது.

இனி கட்டுரை. முன்னுரை, முடிவுரை பற்றி ஆசிரியர்கள் நிறையச் சொல்லித் தருகிறார்கள். இடையில் உள்ள பத்திகளில்தான் கட்டுரை நிற்கிறது, சரிவதும் அங்கேதான். ஒரு பத்தியில் கருத்து, சான்று, விளக்கம் மூன்றும் வேண்டும். உங்கள் ஊர் தொடர்பான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ‘கூட்டுறவு முறை தோட்டத் தொழிலாளர்களுக்குத் துணையாக இருந்தது’ என்பது கருத்து. ‘சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்’ என்பது சான்று. பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் சங்கம் தொடங்கியது ஒரு செய்தி. அது துணையாக இருந்ததா என்பதை அந்தச் செய்தி தானாகச் சொல்லாது. அக்காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையோடு, தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டையும் சேர்த்தே தொழிலாளர்கள் இழந்தார்கள். சங்கமோ அவர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியதால், வாங்கிய தோட்டம் துண்டாகாமல் நின்றது, அங்கே இருந்தவர்களுக்கு வேலையும் வீடும் நிலைத்தன. சான்றிலிருந்து கருத்துக்குப் போகும் இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் ஆசிரியர் தேடியிருக்கிறார்.

அந்தக் கவிதை விடையை மகள் மீண்டும் எழுதுவதானால், அதில் அவளுக்குப் பிடித்த உவமை ஒன்றை மட்டும் முதலில் கேட்டு வாங்குங்கள். மற்ற மூன்று பெயர்களையும் அடித்துவிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் வேறு எதை அந்தக் கவிஞர் உவமையாகச் சொல்லியிருக்கலாம், அதைச் சொல்லாமல் இதைச் சொன்னதால் கிடைத்தது என்ன என்று உங்களிடம் முதலில் வாயால் சொல்லட்டும். நீங்கள் தமிழ் இலக்கியம் படிக்கவில்லை என்பது இதற்கு நல்லதே; உங்களுக்குப் புரியும்படி அவள் சொல்லியாக வேண்டும். சொல்லி முடித்ததும் அதையே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்