இரும்புச் சத்து கொடுத்தால் மாட்டுக்கு வயிறு ஊதுமா?

வெல்லம்பிட்டியில் இரண்டு பசுக்கள் வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: கன்று போட்ட பசு சோர்ந்து நிற்கிறதே என்று பாமசியில் இரும்புச் சத்து டொனிக் வாங்கிக் கொடுத்தாராம், அதற்குப் பிறகு இடப்பக்கம் ஊதுகிறது, இரும்பு வாயுவைக் கூட்டுமா?

டொனிக்கை நிறுத்துங்கள். ஆனால் ஊதலுக்குக் காரணம் அதுவாக இருக்காது. ஹோட்டலில் மிஞ்சும் சோற்றைத் தினமும் வாளி நிறையப் போடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அதன் மேல்தான். சோறு மாட்டு வயிற்றின் முதல் அறையில் வேகமாகப் புளித்து, அமிலம் கூடி, வயிறு அசைவதே நின்றுபோகும். மாட்டுப் பொங்கலன்று அள்ளி ஊட்டிவிட்டு மறுநாள் வைத்தியரைத் தேடுவதும் இதனால்தான். நல்ல பசு ஒரு நாளைக்கு 250 முதல் 500 லீற்றர் வரை மெதேன் உண்டாக்கும், பெரும்பாலும் ஏப்பமாகவே போய்விடும். போக வழியில்லாதபோதுதான் ஊதும்.

வயிற்றில் தீனியைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கும் இரும்பு கொஞ்சம் வேண்டும், ஐதரசன் உண்டாக்கும் அவற்றின் நொதியங்களிலேயே இரும்பு இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ உலர் தீனிக்கு 50 மில்லிகிராம் தாராளம், மண் ஒட்டிய புல்லிலேயே அதற்கு மேல் கிடைத்துவிடும். வயிற்று நீரை 39 பாகை சூட்டில் தீனியோடு வைத்து வாயுவை அளக்கும் பரிசோதனையில், இரும்பு மிஞ்சினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்து வாயு குறையத்தான் செய்யும். குறைந்தால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள், வைக்கோல் செரிக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம், கிலோவுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் செப்பு உடம்பில் சேராது, மயிர் வெளிறும்.

சரி, சோர்வுக்கு என்ன காரணம்? கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் புழுவோ உண்ணியோ இரத்தம் குடிக்கிறது, மருந்து அதற்குத்தான். இளஞ்சிவப்பாக இருந்து, காது குளிர்ந்து, நடை தள்ளாடினால் கல்சியம் இறங்கியிருக்கலாம். அதிலும் வயிறு அசையாமல் ஊதும், ஊசி உடனே வேண்டும். வளர்ந்த மாட்டுக்கு இரத்தம் போகாமல் இரும்பு குறைவது அபூர்வம், பால் மட்டும் குடிக்கும் கன்றின் கதை வேறு.

இன்றே சோற்றை நிறுத்தி வைக்கோல் போடுங்கள். இடப்பக்கக் குழி முதுகெலும்பு மட்டத்துக்கு எழும்பி, வாயால் மூச்சு விட்டால் காத்திருக்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.