டீச்சரம்மாவிடம் கேளுங்கள்: பிள்ளைகளைப் பிடித்தால் மட்டும் போதுமா?

(ராமநாதபுரம் கடற்கரைக் கிராமங்களில் 31 ஆண்டுகள் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: டீச்சரம்மா, எனக்கு ஊர் தங்கச்சிமடம், வயது 22. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். மீன் வாடிக்கும் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற அம்மாக்களுக்காக இங்கே ஒரு அக்கா டே கேர் ஆரம்பிக்கிறார். என்னையும் வேலைக்குக் கூப்பிடுகிறார். எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். ஆனால் பயிற்சி எதுவும் கிடையாது. இந்த வேலைக்கு என்ன குணம் வேண்டும்?

பதில்: தாராளமாகப் போ, மகளே. ஆனால் குழந்தைகள் என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறாயே, அதைக் கொஞ்சம் பேசுவோம். தூங்கி எழுந்து சிரிக்கிற பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது? மூக்கு ஒழுக, ஜட்டியிலேயே ஆய் போய், "அம்மாட்ட போணும்" என்று விடாமல் அழுகிற பிள்ளையைத் தூக்கிக் கழுவி, முகம் சுளிக்காமல் மடியில் வைத்துக்கொள்ள முடியுமா? அதுவும் ஒரே நேரத்தில் நான்கு பிள்ளைகள் அழும். ஒரு வாரம் இருந்து பார், உனக்கே தெரிந்துவிடும்.

பயிற்சியை நினைத்துப் பயப்படாதே. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், கைக்குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், முழு நிலக்கடலையைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். கண் மட்டும் உனக்கே இருக்க வேண்டும். நம் கரையில் மணலைத் தோண்டி ஊற்று எடுக்கிற இடங்கள் உண்டு, பக்கத்திலேயே கடல். வாளியில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தாலே ஒரு வயதுப் பிள்ளைக்கு ஆபத்துதான். நான் காலையில், சாப்பாட்டுக்கு முன், தூங்கி எழுந்ததும், வீட்டுக்கு அனுப்பும்போது என்று தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பேன். இன்றைக்கும் கல்யாண வீட்டில் நாலு பிள்ளைகள் ஓடினால் என் வாய் எண்ணும்.

எல்லாவற்றையும் விட நான் பெரிதாக நினைப்பது, சாயங்காலம் அம்மாவிடம் உண்மையைச் சொல்கிற துணிச்சல். இதை நான் தப்பு செய்துதான் கற்றேன்.

வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் படியிலிருந்து சறுக்கி விழுந்தான். பின்மண்டை தரையில் பட்டது. அழுதான், தண்ணீர் ஒற்றினேன், பத்து நிமிடத்தில் விளையாடப் போய்விட்டான். அவன் அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவள். சாயங்காலம் வந்தபோது புடவை இன்னும் ஈரமாக இருந்தது. பாறை கிழித்த விரல்களில் துணி சுற்றியிருந்தாள். அலுத்து வந்திருக்கிறாளே, இதை வேறு சொல்லுவானேன் என்று நினைத்தேன். உள்ளே இருந்தது பயம், திட்டுவாளே என்கிற பயம். "நல்லா இருந்தான்" என்றேன்.

ராத்திரி மூன்று முறை வாந்தி எடுத்திருக்கிறான். சாப்பிட்டது சேரவில்லை என்று அவள் ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறாள். விடிந்தும் பிள்ளை சரியாக எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "எங்காவது விழுந்தானா?" அவள் இல்லவே இல்லை என்றிருக்கிறாள். எனக்குத் தகவல் வந்து, ஓடிப்போய் நடந்ததைச் சொல்லும்போது மணி பதினொன்று. இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டான். அவள் என்னைத் திட்டவில்லை. "நேத்தே சொல்லியிருந்தா ராத்திரியே தூக்கிட்டு வந்திருப்பேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்தேன். யார் எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை தடவை வயிற்றோட்டம், யார் யாரைக் கடித்தது, எங்கே விழுந்தது, எல்லாம் அதில் இருக்கும். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாயால் சொல்லுவேன். தலையில் அடி என்றால், வாந்தி எடுத்தாலோ எழுப்ப முடியாமல் தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றும் சேர்த்துச் சொல்லுவேன். நீயும் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கிவிடு.

அப்புறம், பிள்ளையின் வீட்டு நிலவரம் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கையில் காசு இருக்காது, வீட்டில் சண்டை வரும், பிள்ளை இங்கே வந்து பக்கத்துப் பிள்ளையை அடிக்கும். அதை அடங்காத பிள்ளை என்று சொல்லிவிடாதே. படகு பிடிபட்டு அப்பா இலங்கைச் சிறையில் இருந்த ஒரு சிறுமி, ஒரு மாதம் வாசற்படியை விட்டு உள்ளே வரவில்லை. நான் பாயை வாசலுக்கே இழுத்துப் போட்டு எல்லாரையும் அங்கேயே உட்காரவைத்துக் கதை சொன்னேன். ஆயாவுக்குக் கூட்டுகிற வேலை கூடிப்போனது, முணுமுணுத்தாள். நான்காவது வாரம் அந்தப் பிள்ளை தானாக எழுந்து உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தது.

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு கம்பெனியில் 80 பேர் வேலை பார்க்கிறோம். பாதிப் பேர் கைக்குழந்தைக்காரிகள். காப்பகம் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பது 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதி. நாளைக்கு நான்கு முறை அம்மா போய்ப் பிள்ளையைப் பார்க்கவும் விட வேண்டும். தனியாகப் போகாமல் எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். கணவர் துபாயில். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒன்றரை வயது மகளை விடப்போகிற டே கேர் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சொல்லாமல் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போம்மா, பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம். சுவரில் ஒட்டியிருக்கிற படங்களைப் பார்க்காதே. துணி மாற்றிய கையைக் கழுவிவிட்டுச் சோறு ஊட்டுகிறார்களா, தண்ணீர் டிரம்முக்கு மூடி இருக்கிறதா என்று பார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம், "இன்றைக்கு யார் சரியாகச் சாப்பிடவில்லை?" என்று கேள். "எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்க" என்றால் யோசி. ஒரு பிள்ளையின் பேரைச் சொல்லி, "அவளுக்குப் பல் முளைக்குது, அதான் கஞ்சி மட்டும் குடிச்சா" என்றால் உன் மகளை நம்பி விடலாம்.