அண்ணனுக்கு முதல் பட்டதாரி சலுகை வாங்கியாச்சு, தங்கைக்கு என்ன வழி?

தம்பி, உங்க தங்கை இன்ஜினியரிங் சேர வழி கேட்டு எழுதியிருக்கீங்க. குடும்பத்துல முதல்ல டிகிரி படிக்கிறவங்களுக்குக் கட்டணத்துல கிடைக்கிற முதல் பட்டதாரிச் சலுகை வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான். நீங்க வாங்கிட்டதால தங்கைக்கு இல்லைன்னு விஏஓ சொன்னது சரி. அதுக்காக "என்னாலதான் அவ படிப்பு கெட்டது"ன்னு புலம்பாதீங்க. நீங்க டிகிரி முடிச்சதாலதானே அவளுக்கு இன்ஜினியரிங் ஆசையே வந்தது!

தங்கை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளின்னு எழுதியிருக்கீங்களே, அதைப் பிடிங்க. 2021-லிருந்து இன்ஜினியரிங்லயும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. அதுல சீட் கிடைச்சா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டும் அரசே கட்டும். அண்ணன் பட்டதாரியான்னு அங்கே கேள்வியே கிடையாது. அரசுப் பள்ளியில படிச்சு காலேஜ் போற பொண்ணுங்களுக்கான புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் தனி; பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் ஆகும்.

ஏழு வருஷமும் எந்தப் பள்ளின்னு தலைமையாசிரியர்கிட்ட சான்று வாங்குங்க. நடுவுல பள்ளி மாறியிருந்தா பழைய பள்ளிக்கும் நாளைக்கே போங்க.