நல்லவனாக வாழ்ந்தால் போதாதா? கிறிஸ்தவர்கள் சொல்லும் இரட்சிப்பு எதற்கு?

யாருக்கும் கெடுதல் செய்யாமல் வாழ்கிறவனுக்கு இன்னொருவர் சிலுவையில் சாவது எதற்கு, அப்படி ஒரு கணக்கு எப்படிச் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் என் அப்பா காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், இரட்சிப்பை, அதாவது பாவத்திலிருந்து கிடைக்கும் விடுதலையை, எனக்குப் புரிய வைத்தது அவருடைய பேரேடுதான்.

அந்த வீட்டில் கடன் வாங்கிய கொத்தனார் ஒருவருக்குக் கை முறிந்து வேலை இல்லாமல் போனது. அசலும் வட்டியும் ஏறிக்கொண்டே போக, ஒருநாள் முகப்பில் வந்து நின்று "எப்படியாவது கட்டிடுறேன் ஆச்சி" என்று அழுதார். வீட்டுக்காரம்மாவான ஆச்சி அப்பாவிடம், "பிள்ளை, அவர் புரோநோட்டைக் கிழிச்சுக் குடுத்துருங்க" என்றார். ஸ்டாம்ப் மேல் போட்டிருந்த கையெழுத்தோடு சேர்த்துக் கிழித்துக் கொடுத்தார் அப்பா. அப்புறம் பேரேட்டைத் திறந்து கொத்தனார் பேரில் இருந்த பாக்கியை அப்படியே ஆச்சி பேரில் பற்று எழுதினார். "தள்ளுபடின்னா பணம் மாயமாப் போயிடாதுடா, யாரோ ஒருத்தர் பேர்ல எழுதித்தான் ஆகணும்" என்று அன்று ராத்திரி என்னிடம் சொன்னார்.

இயேசுவின் அப்போஸ்தலரான பவுல், பைபிளில் உள்ள தன் கடிதமான கொலோசெயர் 2:14-இல் சொல்வது இதேதான், அங்கே கடன் என்பது நம் பாவம். நமக்கு எதிராக இருந்த 'கையெழுத்தை' கிறிஸ்து சிலுவையில் ஆணியடித்தார் என்கிறார். அங்கே கிரேக்கத்தில் இருக்கும் சொல் கெய்ரோகிராஃபோன், கடன் வாங்கியவன் தன் கையால் எழுதிக் கொடுக்கும் சீட்டு. நம்ம ஊர் புரோநோட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரோ மூன்றாம் மனிதரைப் பிடித்துத் தண்டித்த கதையாக இதைப் படித்தால் நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இயேசுவில் கடவுளே வந்தார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை, அப்படியானால் கடன் கொடுத்தவரே நஷ்டத்தைத் தன் பேரில் எழுதிக்கொண்டார் என்று அர்த்தம்.

சரி, நல்லவனாக வாழ்ந்தே அடைத்துவிட முடியாதா? மத்தேயு 18-இல் இயேசு சொன்ன கதையில் ஒரு வேலைக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 நாள் கூலி, அதாவது கூலிக்காரன் ஒருவனின் ஏறக்குறைய இருபது வருஷ உழைப்பு, அதைப் பதினாயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். அவனும் "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்றுதான் கெஞ்சுகிறான். நல்லவனாக இருந்து சரிக்கட்டிவிடுகிறேன் என்று நாம் சொல்வது எனக்கு அந்தக் குரலாகவே கேட்கிறது. ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே விட்டுவிட்டார்.

அப்படியானால் நல்ல காரியங்களுக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் வரிசை வேறு. எபேசியர் 2-இல் கிருபையினாலே (கடவுள் இலவசமாகக் காட்டும் இரக்கத்தால்) இரட்சிக்கப்பட்டீர்கள், அது கிரியைகளால் (நம் செயல்களால்) உண்டானதல்ல என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார் பவுல். பைபிளின் இன்னொரு கடிதத்தில் யாக்கோபோ கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார். இதை வைத்துக் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவினரான லுத்தரன்களும் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டு, 1999-இல்தான் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். (கத்தோலிக்கர்கள் மீட்பு என்பார்கள், புராட்டஸ்டண்டுகளான நாங்கள் இரட்சிப்பு என்போம், விஷயம் ஒன்றுதான்.) வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்த பிறகா இயேசு அவன் வீட்டுக்குப் போனார்? வருகிறேன் என்று முதலில் சொன்னவர் இயேசு, பணம் தருகிறேன் என்று சகேயு எழுந்து நின்றது அதற்கப்புறம்.

கை சரியானதும் அந்தக் கொத்தனார் யாரும் கூப்பிடாமலே கரண்டியோடு வந்து நின்றார். வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஒழுகிக்கொண்டிருந்த ஓடுகளையெல்லாம் மாற்றி, பெயர்ந்திருந்த திண்ணையையும் பூசிவிட்டுப் போனார். கடனில் கழிக்கவா என்று கேட்க வழியில்லை, ஏட்டில் அவர் பேரில்தான் பாக்கியே இல்லையே. அப்பா கூலியை நீட்டினாராம், அவர் ஒரு சொம்பு மோர் மட்டும் வாங்கிக் குடித்தாராம்.